வெளியே மாறாத எடை

ஞானதுரை அண்ணாச்சி சொன்ன கதையை நாச்சிமுத்து பல வருஷங்களாகவே முழுதாக நம்பவில்லை. நம்பவில்லை என்பதை யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே இவ்வளவு பச்சையாகச் சொல்லிக்கொண்டதுகூட இப்போதுதான், கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் மாடியில், வரிசையாகக் கண்ணை மூடித் தலையைப் பின்னுக்குச் சாய்த்திருக்கும் வயசாளிகளுக்கு நடுவில், கண்ணைத் திறந்துகொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது. பக்கத்து நாற்காலியில் அண்ணாச்சி. இடது புருவத்துக்கு மேல் வெள்ளை பிளாஸ்திரி, எந்தக் கண்ணில் ஆபரேஷன் என்பதற்கு அடையாளம், மற்றக் கண்ணிலும் புரை மூடித்தான் இருக்கிறது. கண்ணின் பாப்பா விரிய வேண்டும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள். நர்ஸ் வந்து இமையைப் பிரித்து ஒரு சொட்டு விடுகிறாள், திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போகிறாள், மறுபடி வருகிறாள். அண்ணாச்சியின் மகன் கனடாவில் இருக்கிறான், மனைவி இறந்துவிட்டார். கூட ஒரு ஆள் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது அவர் கூப்பிட்டது நாச்சிமுத்துவை. அவனும் காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு வந்துவிட்டான், வராமல் எப்படி, அந்தக் காலேஜ் வேலையே அவர் வாங்கிக் கொடுத்தது. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் முகத்தை இவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்ததே இல்லை என்று தோன்றியது. திருப்பிப் பார்க்க முடியாத முகம். மூக்கோரம் ஒரு மரு, அதில் ஒரு நரைமுடி, கழுத்துத் தோல் சட்டைக் காலருக்கு மேல் மடிந்து கிடக்கிறது. இந்த வாய்தான் அந்தக் கதையைச் சொன்னது. சின்னக் கதைதான். திருப்பூரில் மூன்று பேரும் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில் ஒரு புரோகிராமில் தப்பு நடந்தது, செய்தது கோகிலவாணி, அவளே ஒத்துக்கொண்டாள், வேலையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். இதில் நம்புவதற்கு என்ன, நம்பாமலிருப்பதற்கு என்ன. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று இத்தனை வருஷமாக அதை வாயில் போட்டுக்கொண்டு விழுங்கவும் மாட்டாமல் துப்பவும் மாட்டாமல் இருக்கிறது.

நேற்று கிளாஸில் பர்வீன் கேட்டது இதைக் கிளப்பிவிட்டிருக்கலாம். எப்போதும் கடைசி பெஞ்சில் உட்கார்கிற பெண், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கே வந்துவிட்டாள். சார், மேல பத்துன்னு வெச்சேன், ஃபங்ஷன் உள்ள இருபதுன்னு மாத்தினேன், உள்ளயே பிரின்ட் பண்ணா இருபதுன்னு வருது, வெளிய வந்து பிரின்ட் பண்ணா மறுபடி பத்து, எர்ரரும் வரல, மாத்தினது எங்க சார் போச்சு என்றாள். ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்கிற கேள்வி, தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் சொல்வான். வெளியே எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேரியபிள் இருக்கிறதம்மா. ஃபங்ஷன் என்பது ஒரு தனி அறை. அறைக்குள்ளிருந்து வெளியே இருப்பதைப் பார்த்துப் படிக்கலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் உள்ளே நின்றபடி அதற்குப் புது மதிப்பு கொடுக்கிறாய் என்றால், இந்த மொழி என்ன செய்கிறது, அதே பெயரில் இன்னொன்றை அறைக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்கிறது. நீ மாற்றியது அதைத்தான். அறையை விட்டு வெளியே வந்ததும் அது இல்லாமல் போய்விடும், வெளியே இருப்பது பழையபடியே இருக்கும். நான் சொல்வது வெளியே இருக்கிற அந்த குளோபல் வேரியபிளைத்தான் என்று உள்ளே முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும், குளோபல் என்று எழுதி அதன் பெயரை எழுத வேண்டும். சொல்லாவிட்டால் அது உன்னைத் தடுக்காது, திட்டாது, நீ நினைத்தது நடந்துவிட்டது என்றே நினைக்க விட்டுவிடும். இந்த இடத்தில் நாச்சிமுத்து நின்றுவிட்டான். சாக்பீஸ் கையில் இருந்தது. போர்டில் பாதி எழுதிய வரி இருந்தது. பர்வீன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, புரிஞ்சிருச்சு சார் என்று சொல்லிப் போய்விட்டாள், அவனுக்காகச் சொன்னதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து தங்கமணி வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். குழம்பு சேரலையா என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றான். மனைவியிடம் எத்தனையோ விஷயங்களுக்கு அவன் சொல்கிற பதில் அது, நல்லா இருக்கு. அவளும் அதற்குமேல் துருவ மாட்டாள், துருவாதவள் என்பதற்காக ஒருத்தியிடம் நன்றியாக இருப்பது என்ன மாதிரியான நன்றி.

திருப்பூரில் அந்த ஆபீஸ் ஒரு பேக்கரிக்கு மேல் இருந்தது. மத்தியானத்தில் பன் வேகிற வாசனை படியேறி வரும், கம்ப்யூட்டரின் சூட்டு வாசனையோடு கலந்துவிடும், இன்றைக்கும் எங்காவது பேக்கரியைத் தாண்டினால் அவன் விரல்கள் கீபோர்டைத் தேடுகின்றன. சாயப்பட்டறைகளுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுத்தார்கள். ஞானதுரை அண்ணாச்சி பாளையங்கோட்டையிலிருந்து வந்து கம்பெனி ஆரம்பித்தவர், இவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு மூத்தவர், ஆர்டர் பிடிப்பார், அவசரத்துக்கு அவரும் உட்கார்ந்து எழுதுவார். கோகிலவாணி கோபிசெட்டிபாளையத்துப் பெண், தினமும் பஸ்ஸில் வந்து போனாள், ஜன்னலோரம் வந்ததில் தலைமுடி ஒரு பக்கம் மட்டும் கலைந்திருக்கும், அந்தப் பக்கத்தை மட்டும் கையால் அழுத்திக்கொண்டே படியேறுவாள். எழுதுகிற விதத்தில் மூன்று பேரும் மூன்று விதம். அண்ணாச்சி எல்லாவற்றையும் ஃபைலின் தலையில் பொதுவாக வைத்துவிடுவார், யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், முற்றத்துல தண்ணித் தொட்டி மாரி கெடக்கட்டும்டே, அவனவன் மொண்டுக்கிடட்டும் என்பார். கோகிலவாணிக்கு அது ஆகவே ஆகாது. அவள் எழுதிய ஃபங்ஷன் எதுவும் வெளியே கை நீட்டாது. அதற்கு என்னென்ன வேண்டுமோ அதை அடைப்புக்குறிக்குள் கொடுத்துத்தான் கூப்பிட வேண்டும், வேலை முடிந்ததும் விடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஏனுங் இவ்வளவு சுத்தி வளைக்கறீங்க என்று அவன் ஒரு தடவை கேட்டதற்கு, வேணுமுன்னா கேட்டு வாங்கோணும், முடிஞ்சா திருப்பிக் குடுக்கோணும், கேக்காம எடுக்கறதுக்குப் பேரு வேற என்றாள். நாச்சிமுத்து இரண்டுக்கும் நடுவில். வெளியே இருப்பதை உள்ளிருந்து படிப்பான், மாற்ற மாட்டான். பயந்த சுபாவம். அவளையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான், தன் மேஜையிலிருந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், சொன்னால் ஏதாவது மாறிவிடும் என்று. அவன் எழுதியதைச் சரிபார்க்கும்போதெல்லாம் அவள் சிரிப்பாள். கேக்காமயே எட்டிப் பாக்கறீங்க, என்னைக்காவது ஒரு நாளைக்குக் கையும் நீட்டுவீங்க, அன்னைக்கு மாட்டிக்குவீங்க பாருங்க என்பாள். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது, சொன்ன வார்த்தைகள்கூட இல்லை, சொல்லி முடித்த பிறகு மூக்கு வழியாக வரும் அந்த மிச்சச் சிரிப்பு.

நர்ஸ் மறுபடி வந்தாள். திறக்காதீங்க தாத்தா, எரிச்சல் இருந்தா சொல்லுங்க என்றாள். அவள் செருப்புச் சத்தம் தேய்ந்ததும் அண்ணாச்சி கண்ணை மூடியபடியே, இவ என்னடே தாத்தாங்கா, எம் பேரனே என்னைய தாத்தான்னு சொல்ல மாட்டான், பெரிய தொரை மாரி பேரச் சொல்லித்தான் கூப்பிடுதான் என்றார். நாச்சிமுத்து சிரித்தான். அந்தாண்டை நாற்காலியில் ஒரு அம்மாளும் கண்ணை மூடியபடி சிரித்தாள். டீ குடிக்கலாமா என்று கேளு என்றார், கூடாது என்று காலையிலேயே சொல்லியாகிவிட்டது, சொன்னான். ஆபரேஷனுக்கு முன்னால எல்லாத்தையும் தடுத்துப்புடுதானுவ, பேச்சை மட்டும் தடுக்கல பாத்துக்க என்றார். கையை நீட்டி நாற்காலிக் கையில் தேடி, அவன் மணிக்கட்டைக் கண்டுபிடித்து, அங்கேயே வைத்துக்கொண்டார். சூடான கை. அப்பா செத்தபோது சுடுகாட்டில் தோளைப் பிடித்துக்கொண்டு நின்ற கையும் இதுதான். இந்தக் கை இல்லாவிட்டால் அந்த வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று அவன் பல முறை நினைத்திருக்கிறான். இந்தக் கைதான் அந்தத் தப்பான வரியைத் தட்டியதா என்றும் நினைத்திருக்கிறான், ஆனால் ஒன்றை நினைத்த நாளில் மற்றதை நினைத்ததில்லை.

தப்பு இதுதான். சலவை முடிந்து ஈரமாக வருகிற துணியை எடை போட்டால் எடை கூடும், சாயம் அளப்பதோ காய்ந்த துணியின் எடைக்கு. ஆகவே ஈர எடையைத் தட்டினால் அதைக் குறைத்து உண்மையான எடையாக மாற்றிக்கொள்கிற ஒரு சின்ன ஃபங்ஷனைச் சேர்த்துத் தரச் சொன்னார் சாயப்பட்டறை முதலாளி. யாரோ எழுதினார்கள். ஃபங்ஷனுக்குள் எடை குறைந்தது, திரையில் குறைந்த எடையே தெரிந்தது. வெளியே இருந்த எடை மட்டும் மாறவே இல்லை, ஏனென்றால் வெளியே இருப்பதைத்தான் சொல்கிறேன் என்று உள்ளே யாரும் எழுதவில்லை. சாயம் எவ்வளவு என்று சீட்டு அடிக்கிற இடம் அந்தப் பழைய எடையை எடுத்துக் கணக்குப் போட்டது. திரையில் சரி, சீட்டில் தப்பு. ஒரு ராத்திரி முழுக்க எல்லா மெஷினிலும் ஓடிவிட்டது. வெளிநாட்டுக்குப் போக வேண்டிய கைக்குழந்தைத் துணி, வெளிர் நீலம், காலையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலமாக வெளியே வந்து கிடந்தது. முதலாளி வந்து பேக்கரி வாசலில் நின்றபடியே கத்தினார், இதைச் செஞ்ச ஆள் இன்னொரு நாள் இந்தப் படி ஏறக் கூடாது என்றார். அண்ணாச்சி அவரைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு மேலே வந்து, முதலில் கோகிலவாணியைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம். அவள் வெளியே வந்து தன் மேஜைக்குப் போனாள், திரையைப் பார்த்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார், கதவைச் சாத்தினார். கோகிலா எழுதினதுதாம்டே, ஒத்துக்கிட்டா, அவளே வேலைய விட்டு நின்னுக்கிடுதேன்னும் சொல்லிட்டா. நீ ஒண்ணும் கேட்டுக்கிடாத, பொம்பளப் புள்ள, கூசிப் போவும் என்றார். அவன் சரிங்க அண்ணாச்சி என்றான். இப்போது யோசித்தால், கேட்டுக்கிடாத என்ற அந்த வார்த்தைக்காகத்தான் கதவு சாத்தப்பட்டது என்று தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றியது வேறு. அவளா இப்படி எழுதினாள், கேட்டு வாங்கோணும் என்று சொன்னவளா உள்ளே நின்றுகொண்டு வெளியே கை நீட்டினாள். அவசரத்தில் யாருக்கும் கை தவறும் என்று அடுத்த நிமிஷமே அவள் பக்கம் நின்று தனக்குத்தானே பதிலும் சொல்லிக்கொண்டான். அந்த வாரம் சாயப்பட்டறைக்கு ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு போனவர் அண்ணாச்சி. அங்கேயே உட்கார்ந்து ஏதோ திருத்தியதாகவும் சாயங்காலம் வந்து சொன்னார். இதெல்லாம் தெரியும். அன்றைக்கே தெரியும். தெரிவது என்பது சும்மா படிப்பதுதானே.

அடுத்து வந்த நாட்களில் அவன் செய்ததெல்லாம் நல்லது என்று நினைத்துச் செய்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் கூசுவாள். டீ வந்தால் அவள் கிளாஸை மேஜையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல், அவளைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்தபடி திரும்பிவிடுவான். அவள் ஏதோ கேட்க வாயெடுத்தால் ஃபோன் பேசப் போவதுபோல் எழுந்துவிடுவான். அவ்வளவு கவனமாக, அவ்வளவு அன்பாக, ஒரு மனுஷியைத் தனியாக விட்டான். கடைசி நாள் அவள் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் போட்டுக்கொண்டு அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு, படிக்குப் போகாமல் அவன் மேஜைக்கு வந்து நின்றாள். முடியை அழுத்திக்கொள்ளவில்லை. உங்களுக்கு என்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா என்றாள். அவன் எழுந்து நின்றான். இல்லீங்க, நல்லபடியாப் போயிட்டு வாங்க என்றான். அவள் தலையை ஆட்டினாள், போய்விட்டாள். கீழே பேக்கரிக்காரனிடம் வர்றேனுங் என்று அவள் சொன்னது மேலே கேட்டது. எத்தனையோ வருஷம் அந்தக் கேள்வியை அவன் ஒரே விதமாகத்தான் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பிடிக்கும் என்று சொல்லேன் என்று கேட்டாள், சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று. தங்கமணியைக் கட்டிக்கொண்ட பிறகும், மகள் பிறந்த பிறகும், யாருக்கும் தெரியாமல் எடுத்துப் பார்த்துக்கொள்கிற ஒரு துக்கம், வலித்தாலும் கொஞ்சம் இனிப்பான துக்கம். அப்புறம் அந்தக் கொரோனா வருஷத்தில் பழைய ஆபீஸ்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. பெங்களூரில் இருந்தாளாம், கொரோனாவில் போய்விட்டாளாம். நரைத்திருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள், ஒரு பக்கம் முடி கலைந்திருந்தது. கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அவனும் ஒரு கும்பிட்ட கையைப் போட்டான். போட்டுவிட்டு மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டு வந்தான், தங்கமணி சொல்லாமலே. எல்லாத் துணியும் கிளிப் போட்டே இருந்தது, ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்ற வேண்டியிருந்தது, அது பெரிய உதவியாக இருந்தது.

தூங்கிவிட்டார் என்று நினைத்த அண்ணாச்சி பேசினார். கண்ண மூடிக்கிட்டு இருந்தா பழைய ஆளெல்லாம் வருதுடே என்றார். தாம் வளர்த்த நாய், முதல் ஸ்கூட்டர், பேக்கரிக்காரன் என்று வரிசையாகச் சொன்னார், நாச்சிமுத்து ம் கொட்டிக்கொண்டிருந்தான். பிறகு கோகிலவாணி வந்தாள். பாவம் அந்தப் புள்ள, எத்தனை கொணம் என்றார். போறப்ப கூட எங்கிட்ட வந்து நின்னு, நாச்சிமுத்துவ ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க அண்ணாச்சி, அவங்கப்பா வேற அப்படிக் கெடக்காங்கன்னாள்லா என்றார். நாச்சிமுத்து ம் கொட்டினான். கொட்டிய பிறகுதான் காதில் விழுந்தது. இந்தக் கதையை அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், காலேஜ் ஆண்டுவிழாவில், தங்கமணி முன்னால், அந்த வாட்ஸ்அப் போட்டோ வந்த மறுநாள் போனில். இந்த வரி இல்லாமல். நாச்சிமுத்துவ ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க. என்னை எதற்குச் சொல்ல வேண்டும்? தப்புச் செய்தவள் அவள் என்றால், போகிறவள் அவள் என்றால், என்னை யாரும் எதுவும் சொல்லாமலிருக்க அவள் எதற்காக வந்து கேட்க வேண்டும்? அப்பா அப்போது படுத்த படுக்கை, வாரத்துக்கு இரண்டு தடவை ஆட்டோவில் தூக்கி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான், அது அவளுக்குத் தெரியும், வேலை போனால் என்ன ஆவான் என்பதும் தெரியும். ஒன்றும் சொல்லாதீர்கள். சும்மா இரக்கத்தில் சொல்லியிருக்கலாம். தான் போனபிறகு வேலை முழுக்க அவன் தலையில் விழும், திட்டாதீர்கள் என்ற அர்த்தத்தில் சொல்லியிருக்கலாம். இருக்கலாம். அந்த இருக்கலாமைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போனான், அது கையோடு வந்துவிட்டது. ஏனென்றால் அப்பா வேற அப்படிக் கெடக்காங்க என்கிறாள். அப்பா எதற்கு அதில் வருகிறார். வேலையை விட்டு அனுப்பப்பட வேண்டியவன் ஒருவனுக்காகத்தான் அவன் அப்பாவை இழுப்பார்கள். அவள் நினைத்திருக்கிறாள். கேக்காமயே எட்டிப் பாக்கறவன் கடைசியில் கையையும் நீட்டிவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். நினைத்துக்கொண்டு, நான்தான் என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று அத்தனை நாள் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவன் டீயை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தான். ஏதாச்சும் சொல்லோணுமா என்றதற்கு, இல்லீங்க என்றான்.

கை இன்னும் அவன் மணிக்கட்டின் மேல்தான் இருந்தது. எடுக்கலாமா என்று யோசித்தான், எடுக்கவில்லை. சுவரில் டி.வி. சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கினார்கள், பார்க்க அங்கே யாருக்கும் கண் இல்லை. ஒருவேளை நானேதான் எழுதினேனோ என்று ஒரு நிமிஷம் வந்தது, மனசுக்கு எந்த எல்லையும் கிடையாது. எழுதி மறந்துவிட்டேனோ. இல்லை, அந்த வாரம் அவன் நூல் குடோன் வேலையில் இருந்தான், அந்த ஃபைலைத் திறக்கவே இல்லை, இதை எத்தனை முறை சரிபார்த்தாயிற்று. அண்ணாச்சி எழுதியிருந்தால்தான் என்ன, அதைக்கூட விட்டுவிடலாம், அவசரம், கை தவறும், பிள்ளைகுட்டிக்காரர், கம்பெனி போனால் மூன்று பேரும் தெருவில். வரியை யார் எழுதினார்கள் என்பது இத்தனை வருஷம் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது, இப்போது பார்த்தால் அது ஒரு ஓரமாகப் போய் நின்றுவிட்டது. வேண்டியது வேறு. சாத்திய அறைக்குள் என்ன நடந்தது. அவனுக்குச் சாத்திய கதவுக்குள் கோகிலா என்றார். அதற்கு முன்னால், அவளுக்குச் சாத்திய கதவுக்குள் என்ன பெயர் சொன்னார். ஒரே அறைதான், ஒரே மேஜை, அவள் எழுந்துபோன நாற்காலியில்தான் அவன் போய் உட்கார்ந்தான், நாற்காலி சூடாகக்கூட இருந்திருக்கும். அவளிடமும், கேட்டுக்கிடாதம்மா, ஆம்பளப் பையன், கூசிப் போவான் என்று சொல்லியிருப்பாரா. இப்படி ஒரு மனுஷன் செய்வானா. செய்துவிட்டு அவன் அப்பாவின் சிதைக்குப் பக்கத்தில் நிற்பானா, வேலை வாங்கிக் கொடுப்பானா, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கும் முறுக்கும் எடுத்துக்கொண்டு வருவானா. செய்ததனால்தான் இதெல்லாம் செய்தானோ. அய்யோ, அப்படியானால் அந்தக் கேக்கையெல்லாம் நான் என்னவென்று தின்றேன்.

கேட்காமலிருந்துவிடலாம். இது பழக்கமான இடம், இங்கே வந்து வந்து திரும்பியிருக்கிறான். கேட்டு, இல்லை என்று சொல்லிவிட்டால் நம்ப முடியாது, பிறகு அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் அவள் பெங்களூரில் அத்தனை வருஷமும், புருஷனோடு பேசும்போதும், பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போதும், கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதும், திருப்பூரில் நாச்சிமுத்து என்று ஒருவன் இருந்தான், அவனுக்காக நான் வேலையை விட்டேன், அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றுதான் வைத்துக்கொண்டிருந்திருப்பாள். அதை இனி எப்படி மாற்றுவது. அவள் இருக்கும்போது ஒரு போன் போட்டிருந்தால் போதும், நம்பர் குழுவிலேயே இருந்தது, எத்தனையோ தடவை அந்தப் பெயரைத் தொட்டுத் திறந்து அவள் வைத்திருந்த செம்பருத்திப் படத்தைப் பார்த்துவிட்டு மூடியிருக்கிறான். இனி நாச்சிமுத்து உள்ளே எப்படி மாறினாலும் அவளிடம் இருந்த நாச்சிமுத்து மாறப்போவதில்லை. மூக்கை உறிஞ்சினால் அண்ணாச்சிக்குக் கேட்கும் என்று வாயால் மூச்சு விட்டான். நர்ஸ் வந்து அண்ணாச்சியின் இமையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தாள். நல்லா விரிஞ்சிருச்சு, அடுத்தது நீங்கதான், இனிமே கண்ணைத் திறந்துக்கலாம், கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கலாத்தான் தெரியும் என்றாள். சக்கர நாற்காலி கொண்டுவரப் போனாள். அண்ணாச்சி மெல்லக் கண்ணைத் திறந்தார். கறுப்பு முழுக்கப் பரவிய கண், எதன் மேலும் நிற்காமல் அவன் பக்கமாகத் திரும்பியது. எங்கடே இருக்க, வெளிச்சம்தாம் தெரியுது, மூஞ்சி தெரியல என்றார். இங்கதாங்க அண்ணாச்சி என்றான் நாச்சிமுத்து. குரல் தன்னுடையதாக இல்லை. என்னடே, அழுதியா, கண்ணு எனக்குத்தானல கிழிக்கப் போறாவ என்று அவர் சிரித்தார், மணிக்கட்டை ஆட்டினார். சக்கரம் உருளும் சத்தம் வராந்தாவில் கேட்டது. நாச்சிமுத்து தன் இன்னொரு கையை எடுத்து அந்தக் கையின் மேல் வைத்தான், அவர் இழுத்துக்கொள்ளாமலிருக்கவா, தான் எழுந்து போய்விடாமலிருக்கவா, தெரியவில்லை.

"அண்ணாச்சி, அன்னிக்கு அவளை முதல்ல கூப்பிட்டுக் கதவைச் சாத்தினீங்களே, அதை எழுதினது நான்னு அவகிட்டச் சொன்னீங்களா?"